கானா நிகழ்ச்சிக்குக் கைமாற்றுச் சீட்டு வாங்க நினைப்பவர்களுக்கு

சென்ற மாதம் தண்டையார்பேட்டையில் நடந்த ஒரு கானா, பறையிசைக் குழுவின் நிகழ்ச்சிக்காக நானும் தம்பியும் திருச்சியிலிருந்து போயிருந்தோம். ஏற்கெனவே வாங்கியிருந்த ஒருவரிடமிருந்து கைமாறிய சீட்டு கையில் இருந்தும் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டோம். எங்களுக்கு அதை விற்றவர் இன்னமும் விற்றுக்கொண்டிருப்பதால், நடந்ததை விடாமல் எழுதுகிறேன்.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதன்முதலாக மேடையேறியது. வடசென்னைச் சாவு வீடுகளில் விடியவிடியப் பாடப்பட்டுவந்த கானாவை அவர்கள் கிட்டாரோடும் டிரம்ஸோடும் சேர்த்துப் பாடியதைக் கைப்பேசியில் பார்த்த நாள் முதல், அந்தப் பாட்டை அது வளர்ந்த தெருக்களுக்கு நடுவே நேரில் கேட்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. ஆகவே தண்டையார்பேட்டை நிகழ்ச்சியின் அறிவிப்பு வந்தபோது, இணையத்தில் சீட்டு தீர்ந்துவிட்டது தெரிந்தும் மனம் கேட்கவில்லை. ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், தாயார் மருத்துவமனையில் இருப்பதால் தன்னால் போக முடியவில்லை என்றும், இரண்டு சீட்டுகளை வாங்கிய விலைக்கே தருவதாகவும் எழுதியிருந்தார். கூடுதல் விலை கேட்காததே அவர்மேல் நம்பிக்கை வரக் காரணமாகிவிட்டது. அவர் அனுப்பிய கியூஆர் குறியீட்டை ஜிபேயில் திறந்தபோது வேறொரு பெயர் வந்தது. கேட்டதற்கு, "மச்சான் அக்கவுண்ட்டுங்க, தைரியமா போடுங்க" என்றார். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். 1,600 ரூபாயை அனுப்பிவிட்டேன். சற்று நேரத்தில் பிடிஎஃப் வடிவில் சீட்டு வந்தது. முன்பதிவு எண் இருக்க வேண்டிய ஓரம் மட்டும் வெட்டப்பட்டிருந்தது.

சனிக்கிழமை விடியற்காலையில் எழும்பூரில் இறங்கினோம். ராயபுரம் ரயில் நிலையத்தின் 1856ஆம் ஆண்டுக் கட்டடத்தையும் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தையும் பார்த்து, சீட்டுதான் இருக்கிறதே என்ற நிம்மதியில் மாலை ஆறு மணிக்குத்தான் அரங்கத்துக்குப் போனோம். வாயிலில் நின்ற இளைஞர் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் திரை சிவப்பாக மாறியது. "அண்ணா, இந்தச் சீட்டுல ஏற்கெனவே ஆள் உள்ள போயிட்டாங்கண்ணா" என்றார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்த இரண்டு கல்லூரி மாணவிகளுக்கும் அதுவே நேர்ந்தது. கைப்பேசிகளை அருகருகே வைத்துப் பார்த்தோம்: அதே இருக்கை எண்கள், அதே வெட்டப்பட்ட ஓரம். ஒரே சீட்டைப் பலருக்கு விற்றிருக்கிறார். முதலில் வந்தவர் உள்ளே போய்விட்டார், மற்றவர்கள் வெளியே நின்றோம். அரங்கத்தார் நேரடி விற்பனைக்கென வைத்திருந்த சில சீட்டுகளும் நான்கு மணிக்கே தீர்ந்துவிட்டனவாம். அது தெரிந்திருந்தால் காசிமேட்டுக்குப் போகாமல் அங்கேயே வரிசையில் நின்றிருப்போம். அரங்கத்தார்மீது எனக்குக் குறையில்லை. எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் சட்டி மேளம் தொடங்கியபோது தம்பியின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அன்றிரவே இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணை அழைத்தோம். வங்கியின் பெயர், தொகை, நேரம், பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் 12 இலக்க யுடிஆர் எண் ஆகியவற்றைக் கேட்டுப் பதிவு செய்துகொண்டார்கள். இந்த மோசடி எப்படி நடக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. புகார் உடனே போனால், பணம் சென்ற கணக்கிலிருந்து அது எடுக்கப்படுவதற்குள் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. நானோ பணம் அனுப்பிப் பன்னிரண்டு நாட்கள் ஆகியிருந்தன. நிகழ்ச்சி நாள்வரை யாருக்கும் சந்தேகம் வராது என்பதாலேயே அவர் அவ்வளவு முன்னதாக விற்கிறார். பணம் இதுவரை திரும்பி வரவில்லை.

கைமாற்றுச் சீட்டை வாங்கியே ஆக வேண்டுமென்றால், பிடிஎஃப்பையோ ஸ்கிரீன்ஷாட்டையோ நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். சில முன்பதிவுச் செயலிகளில், வாங்கியவரே தம் கணக்கிலிருந்து உங்கள் கைப்பேசி எண்ணுக்குச் சீட்டை மாற்றிக்கொடுக்கும் வசதி உண்டு. அதைச் செய்யச் சொல்லுங்கள். அது இயலாதென்றால், வாயிலுக்கு நேரில் வந்து, குறியீடு ஸ்கேன் ஆன பிறகு பணம் பெற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். நிஜமாகவே சீட்டு வைத்திருப்பவர், தான் வர முடியாவிட்டாலும் ஒரு நண்பரையாவது அனுப்புவார். பணம் அனுப்பும் திரையில் தெரியும் பெயர் விற்பவரின் பெயரோடு ஒத்துப்போகவில்லை என்றால், என்ன காரணம் சொன்னாலும் அங்கேயே விட்டுவிடுங்கள்.

நேற்று அதே வாட்ஸ்அப் குழுவில், வேறொரு எண்ணிலிருந்து, அடுத்த மாத நிகழ்ச்சிக்கு இரண்டு சீட்டுகள் இருப்பதாக ஒரு செய்தி வந்தது. தாயாருக்குப் பதிலாக இம்முறை தந்தையார் மருத்துவமனையில் இருக்கிறார்; மற்றபடி சொல்லுக்குச் சொல் அதே செய்தி. குழுவை நடத்துபவரிடம் தெரிவித்து அதை நீக்கச் செய்தேன், அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்களோ தெரியவில்லை. அந்தச் செய்தியை அனுப்பியவருக்கு யாரேனும் பணம் அனுப்பியிருந்தால், நிகழ்ச்சி நாள்வரை காத்திராமல் இன்றே 1930ஐ அழையுங்கள்.