ஒரே பெயர், வேறு பேண்ட்: அம்மாவுக்கு அமெரிக்க மாடலா, இந்திய மாடலா?

அண்ணன் டல்லாஸிலிருந்து வந்தபோது அம்மாவுக்கென்று ஒரு போன் கொண்டுவந்தார். அங்கே ஒரு நெட்வொர்க் கம்பெனி சலுகையில் தந்த நடுத்தர விலை போன், லாக் எடுத்தது. அதே பெயரில் அதே போன் இங்கேயும் கடையில் கிடைக்கிறது. இரண்டு மாதம் அண்ணன் கொடுத்ததை அம்மா வைத்திருந்தார். பிறகு நான் இந்திய மாடலையே வாங்கிக் கொடுத்துவிட்டேன். இரண்டையும் ஒரே வீட்டில், ஒரே சிம்மில் பார்த்ததால் எழுதுகிறேன்.

திரை, கேமரா, பேட்டரி எதிலும் வித்தியாசம் இல்லை. வாரண்டி இங்கே வாங்கியதற்குத்தான் செல்லும். மறுவிற்பனையிலும் இந்திய பில் உள்ள போனுக்குத்தான் மதிப்பு. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்னை முடிவெடுக்க வைத்தது 700 மெகாஹெர்ட்ஸ் என்னும் அலைவரிசை.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் கிராமத்தில் வீட்டுக்கு அருகே இருப்பது பிஎஸ்என்எல் டவர். பிஎஸ்என்எல் 4ஜி பெரும்பாலும் 700, 2100 இரண்டிலும் வருகிறது. அமெரிக்க மாடல் வாசலில் 2100-ஐ ஒழுங்காக எடுக்கும். கூடத்தைத் தாண்டி உள்ளே போனால் 2ஜி ஆகிவிடும். பேசலாம், வீடியோ கால் வராது. பழைய காலத்துச் சுவர், மேலே கான்கிரீட் தளம். அந்தச் சுவரைத் தாண்டி வரக்கூடியது 700 தான், ஆனால் அந்த போன் அதைத் தொடவே இல்லை.

அமெரிக்க மாடலின் விவரக்குறிப்பிலும் 700 என்று போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் நானும் முதலில் சரி என்றேன். ஆனால் இரண்டு நாட்டு 700-ம் வேறு வேறு. போனும் டவரும் பேசிக்கொள்ள ஒதுக்கிய அலைவரிசைத் துண்டுக்குத்தான் பேண்ட் என்று பெயர்; நம் ஊரில் இருப்பது பேண்ட் 28. இதில் போன் 703 முதல் 748 வரை உள்ள இடத்தில் அனுப்பும். டவர் 758 முதல் 803 வரை அனுப்பும். அமெரிக்காவின் பேண்ட் 12-ல் போன் அனுப்புவது 699 முதல் 716, டவர் அனுப்புவது 729 முதல் 746. அதாவது அங்கே டவர் பேசும் இடம், இங்கே போன் பேசும் இடத்துக்குள் இருக்கிறது. அங்கே உள்ள பேண்ட் 13 இன்னும் மோசம்: டவர் 746 முதல் 756, போன் 777 முதல் 787 என்று வரிசையே தலைகீழ்.

இதை சாஃப்ட்வேர் அப்டேட்டால் சரிசெய்ய முடியாது. இந்த பேண்டுகளில் போன் ஒரே நேரத்தில் பேசவும் வேண்டும், கேட்கவும் வேண்டும். தன் குரலே தன் காதை அடைக்காமல் இரண்டையும் பிரித்து வைப்பது டூப்ளெக்சர் என்னும் ஃபில்டர் சில்லு. எந்த அலைவரிசைக்குச் செய்தார்களோ அதற்கு மட்டும்தான் அது உதவும். பேண்ட் 28-ல் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் விட்ட இடைவெளி வெறும் 10 மெகாஹெர்ட்ஸ், ஒவ்வொரு பக்கமும் 45 அகலம். அத்தனை அகலத்தை அத்தனை கூர்மையாக வெட்டுவது கடினம் என்பதால் பல தயாரிப்பாளர்கள் இதை 28ஏ, 28பி என்று இரண்டு ஃபில்டர்களாகப் பிரித்துப் போடுகிறார்கள். ஒரு பேண்டுக்கு இரண்டு பங்கு இடம், இரண்டு பங்கு செலவு. அமெரிக்கக் கடைக்குப் போகும் நடுத்தர விலை போனில் முதலில் வெட்டு விழுவது இதில்தான் என்றால் ஆச்சரியமில்லை.

விலை உயர்ந்த போன்களின் கதை வேறு. 2012-ல் ஐபோன் 5 வந்தபோது நாட்டுக்கும் நெட்வொர்க்குக்கும் தக்கபடி தனித்தனி மாடல்கள். 2013-ன் நெக்ஸஸ் 5-க்கும் இரண்டு: அமெரிக்காவுக்குப் போனதில் பேண்ட் 17 (அதுவும் அமெரிக்க 700 தான்) இருந்தது, பேண்ட் 3 (1800) இல்லை, மற்ற நாடுகளுக்குப் போனதில் 3 இருந்தது, 17 இல்லை. 2014-ல் ஐபோன் 6-ல் 20 எல்டிஇ (4ஜி) பேண்டுகள் வரை ஏறின. இன்று மேல்தட்டு போன்களில் இரண்டு 700-ம் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றையும் ஒரே உடம்பில் அடைப்பதற்கும் விலை உண்டு. ஆண்டெனாவுக்குப் போகும் வழியில் கூடும் ஒவ்வொரு ஸ்விட்சும் ஃபில்டரும் கொஞ்சம் சிக்னலைத் தின்னும். மொத்தம் 3 டெசிபல் போனால் பாதி சக்தி போய்விட்டது என்று அர்த்தம். 700-க்குக் கால் அலைநீளம் ஏறக்குறைய 10.7 சென்டிமீட்டர். கையடக்கமான போனில் கேமராவுக்கும் பேட்டரிக்கும் நடுவே அந்த நீளத்தை ஒளித்து வைப்பதே பெரும்பாடு.

அதனால்தான் ஒரே ஊரில் இருப்பவர்களுக்கு அந்த ஊருக்கென்று செய்த மாடலே சரி என்பேன். 5ஜி வந்த பிறகு இது இன்னும் முக்கியம். 2022 அலைக்கற்றை ஏலத்தில் 700-ஐ வாங்கியது ஜியோ ஒன்றுதான். நகரத்தில் 3300-க்கு மேலே உள்ள 5ஜி பேண்டான என்78 வேகம் தரும். ஆனால் 3500-ல் வரும் அலைக்குத் திறந்தவெளியிலேயே 700-ஐவிட 14 டெசிபல் கூடுதல் இழப்பு. சுவர் வந்தால் இன்னும் கூடும். வீட்டுக்குள் 5ஜி வேண்டுமென்றால் பேண்ட் 28-ன் 5ஜி பெயரான என்28 இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். பெட்டியில் அச்சிட்ட பெயரைப் பார்க்காதீர்கள். மாடல் எண்ணை எடுத்து, தயாரிப்பாளரின் தளத்தில் அந்த எண்ணுக்கு நேரே 28 இருக்கிறதா பாருங்கள்.

வருடத்தில் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று இருப்பவர்களுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது. டல்லாஸில் இந்திய மாடல் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு எல்லா பேண்டும் உள்ள விலை உயர்ந்த போனே நல்லது என்று தோன்றுகிறது.

அண்ணன் கொடுத்த போன் வீணாகவில்லை. சென்னையில் தம்பி ஜியோ சிம் போட்டு வைத்திருக்கிறான். ஜியோ 4ஜி ஓடும் 850, பேண்ட் 5, அமெரிக்காவிலும் அதே பேண்ட் 5 தான்; அதனால் அவன் வீட்டுக்குள்ளும் சிக்னல் நிற்கிறது. ஜியோவில் 2ஜி கிடையாது என்பதால் வோல்டே (4ஜி வழியாகவே குரல் அழைப்பு) வேலை செய்கிறதா என்று முதலில் சோதித்த பிறகுதான் கொடுத்தேன். அம்மா இப்போது அடுப்படியில் நின்றுகொண்டே அண்ணனுடன் வீடியோ காலில் பேசுகிறார்.