ஃபின்லாந்து ட்ரோல் கதை படிக்கணுமா? முதலில் சினிசலோ

ஃபின்லாந்து நாட்டார் கதைகளில் வரும் ட்ரோல் என்ற பூதத்தை மையமாக வைத்த நவீன நாவல் வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே இரண்டு நாவல்கள் நினைவுக்கு வரும். யோஹன்னா சினிசலோ 2000-ல் எழுதியது ஒன்று, யுஹானி காரிலா 2019-ல் எழுதியது இன்னொன்று. இரண்டும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் தயங்காமல் சினிசலோ.

ஏன் என்று சொல்கிறேன். தாம்பெரே நகரத்தில் மிக்கேல் என்ற புகைப்படக் கலைஞன், ராத்திரி குடித்துவிட்டு வீடு திரும்பும்போது, அடுக்குமாடி முற்றத்தில் சில பையன்கள் எதையோ போட்டு மிதித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறான். அது ஒரு ட்ரோல் குட்டி. தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோய்விடுகிறான். அந்த உலகத்தில் ட்ரோல் என்பது கற்பனை இல்லை. 1907-ல் அறிவியல் கண்டுபிடித்த, பூனையும் குரங்கும் கலந்தாற்போன்ற ஒரு காட்டு விலங்கு, அதற்கு லத்தீன் பெயர்கூட உண்டு. குட்டி சாப்பிடாமல் கிடக்க, என்ன கொடுப்பது என்று தெரியாமல் அவன் இணையத்தையும் புத்தகங்களையும் புரட்டுகிறான், அவன் படிக்கிற துண்டுகளை நாமும் கூடவே படிக்கிறோம்: விலங்கியல் குறிப்பு, செய்தி, பழங்கதை எல்லாம். நாட்டார் கதை இங்கே வெறும் அலங்காரம் இல்லை, ஒரு உயிரைக் காப்பாற்ற உதவும் தகவல். இந்த ஒரு உத்திக்காகவே நான் இந்த நாவலை இரண்டு முறை படித்தேன்.

அப்புறம் அந்தக் குட்டி கடைசிவரை பேசாது. அதன் மனதில் என்ன ஓடுகிறது என்று ஆசிரியர் ஒரு வரிகூடச் சொல்வதில்லை. அதன் உடம்பிலிருந்து வரும் ஜூனிப்பர் பழ வாசனை அவனை மெல்ல மெல்ல என்ன செய்கிறது என்பதுதான் கதை, அதனால் இது சின்னப் பிள்ளைகளுக்கான புத்தகம் இல்லவே இல்லை. கீழ்வீட்டில் பிலிப்பைன்ஸிலிருந்து மணமுடித்துக் கூட்டிவரப்பட்டு அடைத்துவைக்கப்பட்ட பெண் பலோமிதா இருக்கிறாள். மேலே ஒரு குட்டி, கீழே ஒரு பெண், இரண்டு அடைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

காரிலாவின் நாவல் நேர் எதிர். எலினா என்ற பெண் ஒவ்வொரு கோடையிலும் ஃபின்லாந்தின் வடகோடியான லாப்லாந்தில் உள்ள தன் சொந்த ஊருக்குப் போய் ஒரே குளத்தில் பைக் என்ற நன்னீர் மீன் ஒன்றே ஒன்றைப் பிடித்தாக வேண்டும், பிடிக்காவிட்டால் உயிர் போகும். இந்த முறை குளத்தை நேக்கி என்ற நீர்ப்பூதம் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் அக்கம்பக்கத்து விஷயம். கொசுத் தொல்லை மாதிரி பூதத் தொல்லையும் ஒன்று, அவ்வளவுதான். வேகமாகப் போகும், சிரிக்க வைக்கும், கடைசியில் அழவும் வைக்கும். ஊர், காதல், சாபம் என்று கலந்த கதை பிடிக்குமென்றால் இதையே முதலில் எடுங்கள், தப்பில்லை. ஆனால் நீங்கள் கேட்டது ட்ரோல். இங்கே பல பூதங்களுக்கு நடுவே அதற்குக் கொஞ்சம் இடம்தான்.

மூமின் என்ற குழந்தைக் கதைகள் இருக்கின்றனவே என்பீர்கள். தூவே யான்சன் 1945-ல் தொடங்கிய அந்தக் கதைகள் எனக்கும் உயிர், ஆனால் நாயகனுக்கு வைத்த மூமின்ட்ரோல் என்ற பெயரைத் தாண்டி அதில் நாட்டார் ட்ரோல் ரொம்பக் குறைவு. விதிவிலக்கு 1957-ல் வந்த குளிர்கால நாவல்: அதில் உடம்பெல்லாம் மயிரோடு ஒரு சின்ன மூதாதை, அலமாரிக்குள்ளிருந்து வெளியே வரும். மூமின்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் இருந்தார்களாம்.

சினிசலோவைத் தேடும்போது ஒரு விஷயம்: ஒரே மொழிபெயர்ப்புதான் பிரிட்டனில் 'நாட் பிஃபோர் சன்டவுன்' என்றும் அமெரிக்காவில் 'ட்ரோல்: எ லவ் ஸ்டோரி' என்றும் வந்திருக்கிறது, இரண்டையும் வாங்கிவிடாதீர்கள். பிரிட்டன் தலைப்புதான் மூலத்துக்கு நெருக்கம். சூரியக் கதிரும் இருட்டில் வாழும் குட்டிப்பூதமும் சந்திக்கிற, ஃபின்லாந்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய பாட்டிலிருந்து எடுத்தது அது. பொழுது சாயும்முன் அந்தப் பூதம் வெளியே வர முடியாது.