ஹைட்ரஜனைக் கேட்க ஒரு எஸ்டிஆர் டாங்கிள்: ஒரு வருடம் பயன்படுத்திய பிறகு

வேற்றுலகத்தில் யாராவது இருக்கிறார்களா என்ற கேள்வி சின்ன வயதிலிருந்தே என்னை விட்டதில்லை. வேற்றுலகச் சிக்னலைத் தேட வீட்டுக் கணினிகளைச் சேர்த்துக்கொண்ட செட்டி அட் ஹோம் திட்டம் ஓடிக்கொண்டிருந்தவரை என் கணினியும் ராத்திரி முழுக்க அரிசிபோ ரேடியோ தொலைநோக்கி பிடித்த தரவை அலசிக்கொண்டிருந்தது. 1999 மே மாதம் தொடங்கிய அந்தத் திட்டம் 2020 மார்ச் 31-ஆம் தேதியோடு புதிய வேலை அனுப்புவதை நிறுத்தியபோது கை ஒடிந்த மாதிரி இருந்தது. கொஞ்ச காலம் சும்மா இருந்துவிட்டு, யாரோ பிடித்ததை அலசுவதற்குப் பதில் நாமே ஒரு ஆன்டெனாவை வானத்தைப் பார்த்து வைத்தால் என்ன என்று தோன்றித்தான் ஆர்டிஎல்-எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) வகை யூஎஸ்பி டாங்கிள் வாங்கினேன். டிஜிட்டல் டிவி பார்ப்பதற்காக வந்த சாதனம் இது. உள்ளே இருக்கும் சிப் தன் எல்லைக்குள் வரும் ரேடியோ அலையை அப்படியே கணினிக்குத் தள்ளிவிடும் என்று தெரிந்த பிறகு ரேடியோ ஆர்வலர்கள் கைக்கு வந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நட்சத்திரங்களுக்கு அப்பாலிருந்து வரும் செய்தியை இது பிடிக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். 305 மீட்டர் அகல அரிசிபோவே வருடக்கணக்கில் கேட்டும் உறுதியான எதுவும் கிடைக்கவில்லை, என்னுடையது 1 மீட்டர் டிஷ். ஆனால் 1420 மெகாஹெர்ட்ஸ் இருக்கிறதே, ஹைட்ரஜன் அணு தானாகவே வெளியிடும் அந்த 21 செ.மீ. அலை, அதை இது பிடிக்கிறது. எந்த நாகரிகமும் ரேடியோ வானியலைத் தொட்டதும் இந்த அதிர்வெண்ணுக்குத்தான் வந்து சேரும், அதனால் தேடலையும் இங்கேயே தொடங்குவோம் என்று கோக்கோனி, மாரிசன் என்ற இரு இயற்பியலாளர்கள் 1959-இல் எழுதினார்கள். அடுத்த வருடமே வானியலாளர் ஃபிராங்க் டிரேக் அமெரிக்காவின் கிரீன் பேங்க் ரேடியோ ஆய்வகத்தில் டௌ செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு நட்சத்திரங்களை நோக்கி இதே இடத்தில் காது வைத்தார். அதே இடத்தை நம் மேஜையிலிருந்து கேட்கலாம். எனக்கு வாங்க அந்த ஒரு காரணம் போதுமாக இருந்தது.

இனி குறைகள். நான் முதலில் வாங்கிய மலிவான டாங்கிள் சூடாகச் சூடாக அதிர்வெண் நகர்ந்துகொண்டே போனது. 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) பிழை என்றால் கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும், 1420-இல் அது 71 கிலோஹெர்ட்ஸ். ஹைட்ரஜன் மேகம் நொடிக்கு 1 கி.மீ. வேகம் மாறினால் அலை நகர்வது சுமார் 4.7 கிலோஹெர்ட்ஸ்தான், அப்படியானால் நொடிக்கு 15 கி.மீ. வேகப் பிழை! டிசிஎக்ஸ்ஓ (வெப்பம் மாறினாலும் அதிர்வெண்ணை நிலையாக வைக்கும் பாகம்) உள்ளது என்று எழுதியிருக்கும் டாங்கிளாகப் பார்த்து வாங்குங்கள், 1 பிபிஎம் அளவுக்கு நிற்கிறது. அப்புறம் டாங்கிள் மட்டும் போதாது. 1420-க்கென்றே ஃபில்டரோடு வரும் ஆம்ப்ளிஃபயர் இல்லாவிட்டால் ஒன்றும் தெரியாது, அதையும் டிஷ் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். கேபிளின் இந்தக் கோடியில் மாட்டினால் வரும் வழியிலேயே பாதி சிக்னல் போய்விடும். நான் இரண்டு மாதம் இந்தத் தப்பைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு ராத்திரி திரையில் 1420.4-ஐ ஒட்டி ஊசி மாதிரி மெல்லிய ஒரு கோடு நின்றது. இயற்கையில் ஹைட்ரஜன் அப்படி வராது, அகலமான மேடாகத்தான் வரும். கை நடுங்கியது என்றால் மிகையில்லை. டிஷ்ஷைத் தரைப் பக்கம் திருப்பினேன், கோடு அசையவில்லை. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், போய்விட்டது. 1400 முதல் 1427 வரை யாரும் ஒலிபரப்பக் கூடாது என்று உலக அளவில் விதி இருக்கிறது, நம் வீட்டுச் சார்ஜருக்கு அது தெரியுமா? ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் 2019-இல் சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான ப்ராக்ஸிமா செந்தாரி பக்கம் பதிவான சிக்னலையே நுணுக்கமாக அலசி, மனிதக் கருவிகளின் இரைச்சல் என்று 2021-இல் முடிவு சொன்னார்கள். அந்த ராத்திரிக்கு அப்புறம் அவர்கள் பட்ட பாடு எனக்கு நன்றாகவே புரிகிறது.

டிஷ்ஷை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு வானத்தை நகரவிடுவதும் நல்ல சோதனை. 1977 ஆகஸ்ட் 15-ஆம் தேதி அமெரிக்காவின் பிக் இயர் ரேடியோ தொலைநோக்கி பிடித்த, மூலம் உறுதியாகத் தெரியாத 'வாவ்' சிக்னல் 72 நொடி ஏறி இறங்கியது, ஏனென்றால் பூமி சுழலும்போது ஒரு புள்ளி அந்தத் தொலைநோக்கியின் பார்வையைக் கடக்க அவ்வளவு நேரம்தான் ஆகும். என் டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் 15 பாகை, கடக்க ஒரு மணி நேரம் பிடிக்கும். அப்படி மெதுவாக ஏறி இறங்காத எதையும் நான் இப்போது வானத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஹைட்ரஜன் அப்படித்தான் வருகிறது. பால்வீதியை விட்டு விலகிய திசையில் ஒரு பதிவு எடுத்து, பத்து நிமிடச் சராசரியிலிருந்து அதைக் கழித்தால், தட்டையான இரைச்சலுக்கு நடுவே ஒரு மேடு எழும்புகிறது. சிக்னஸ் நட்சத்திர மண்டலம் மேலே வரும்போது ஒரு மேட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் சேர்கிறது. நமக்கும் அப்பால் இருக்கும், பால்வீதியின் இன்னொரு சுருள் கரம் அது, வேறு வேகத்தில் போவதால் தனியாகத் தெரிகிறது. நேற்று ராத்திரியும் இரண்டு மணி வரை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், லேப்டாப் பேட்டரி தீரும் வரை.