வேர் உறிஞ்சுவது நீர்: அறிவியல் சொல் வரைபடத்துக்கு சீமேப் டூல்ஸ்

அறிவியல் கலைச்சொற்களை வரைபடமாக்கிக் கற்பிக்க இலவச மென்பொருள் தேடுவோருக்கு சீமேப் டூல்ஸைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஃபுளோரிடாவில் உள்ள ஐஎச்எம்சி ஆய்வு நிறுவனத்தின் தயாரிப்பு. சொற்களைப் பெட்டிகளில் எழுதி, அவற்றின் உறவைக் கோட்டாலும் ஒரு சொல்லாலும் காட்டும் கருத்து வரைபடம் என்ற முறையே 1972இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் குழுவினர், பிள்ளைகளின் அறிவியல் புரிதல் எப்படி மாறுகிறது என்று பார்க்க வகுத்ததுதான். ஆகவே இந்தப் பாடத்துக்கு இது இரவல் சட்டை அல்ல.

இயக்குவது எளிது. வெற்றிடத்தில் இருமுறை சொடுக்கினால் நான்கு கேள்விக்குறிகளோடு ஒரு பெட்டி வரும். அதில் சொல்லை எழுதலாம். பெட்டியின் தலைமேல் தெரியும் அம்புகளைப் பிடித்து இழுத்தால் அடுத்த பெட்டியும், நடுவே இணைப்புச்சொல்லுக்கான இடமும் சேர்ந்தே வரும். அந்த நடு இடம்தான் இதன் உயிர். வெறும் கோடு போட்டால் வேருக்கும் நீருக்கும் என்ன உறவு என்று பிள்ளை யோசிக்கவே வேண்டாம். இங்கே கேள்விக்குறி கண்ணில் குத்திக்கொண்டே இருக்கும்.

தமிழில் வரையும்போது தடுக்குவதும் அதே இடத்தில்தான். பெட்டி, வினை, பெட்டி என்ற வரிசை ஆங்கில வாக்கியத்துக்குத் தைத்த அளவு. நமக்கோ வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும். ‘வேர் – உறிஞ்சுகிறது – நீர்’ என்று எழுதினால் வாசிக்கும்போதே நொண்டும். வினையை ‘உறிஞ்சுவது’ என்று மாற்றிப் பாருங்கள்: வேர் உறிஞ்சுவது நீர். இலைத்துளை வழியே நுழைவது கார்பன் டை ஆக்சைடு. பச்சையம் உள்ள இடம் பசுங்கணிகம். ஒளிச்சேர்க்கை மூலம் கிடைப்பது குளுக்கோஸ். பெட்டிக்குள் சொல் உருபு ஏறாமல் பாடநூலில் உள்ளபடியே நிற்கும். வாக்கியமும் சரியாக முடியும். ‘உடன் தொடர்புடையது’ என்ற இணைப்பை மட்டும் அனுமதிக்காதீர்கள். எதை எதோடு சேர்த்தாலும் அது பொருந்திவிடும்.

ஆறு, ஏழாம் வகுப்புக்கு எட்டுப் பெட்டிகள், மிஞ்சினால் பத்து. அதற்கு மேல் போனால் நூல் சிக்கிய கதைதான். சொற்களை முதலில் ஓரமாக அடுக்கி வைத்து, ‘இலை எப்படி உணவு தயாரிக்கிறது?’ என்று ஒரே கேள்வியை மேலே எழுதிவிட்டு இழுக்கத் தொடங்கச் சொல்லுங்கள். ஒரே இணைப்புச்சொல்லிலிருந்து பல பெட்டிகளுக்குக் கிளை பிரிக்கலாம். ஒளிச்சேர்க்கைப் பெட்டியின் கீழே ‘நடக்கத் தேவையானவை’ என்று ஒருமுறை எழுதி நீர், சூரிய ஒளி, கார்பன் டை ஆக்சைடு மூன்றுக்கும் கோடு இழுத்தால் போதும்.

கீழ்நோக்கிய கோட்டுக்கு இயல்பாக அம்புமுனை வராது. அதனால் சில பிள்ளைகள் தலைகீழாக வாசித்து ‘குளுக்கோஸ் மூலம் கிடைப்பது ஒளிச்சேர்க்கை’ என்பார்கள். கோட்டுக்கான அமைப்பில் எல்லாவற்றுக்கும் அம்புமுனை வைத்துவிடுங்கள். எழுத்துருவை நிர்மலா அல்லது லதாவுக்கு மாற்றி, அளவு 16க்குக் குறையாமல் வையுங்கள். இல்லையென்றால் ஏ4 தாளில் புள்ளிகளும் கொம்புகளும் மங்கிவிடும்.

அலைபேசித் திரை இதற்குப் போதாது. கணினி ஒன்றே ஒன்று உள்ள வகுப்பென்றால் இணைப்புச்சொற்களைக் காலியாக விட்டு அச்செடுத்து, பென்சிலால் நிரப்பச் சொல்வது நல்லது.