பழைய இரும்புக் கடையில் வாங்கிய கைச் சைரன்

யாழ்ப்பாணத்தில் பழைய இரும்புப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில், நீரிறைக்கும் இயந்திரங்களின் உதிரிப்பாகங்களுக்கு நடுவே கிடந்த கைச் சைரன் ஒன்றை 14,000 ரூபாவுக்கு வாங்கி மூன்று மாதங்களாகின்றன. இந்தப் பித்துப் பிடித்தவர்கள் எங்கள் ஊரில் அதிகம் இல்லை. இருக்கும் ஒருவரிருவருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

மின்சாரமோ பற்றரியோ இதற்கு வேண்டியதில்லை. கைபிடியை ஒருமுறை சுற்றினால் உள்ளிருக்கும் அலுமினியச் சுழலி 48 முறை சுற்றும் வகையில் பற்சில்லுகள் பூட்டப்பட்டிருக்கின்றன. சுழலியிலுள்ள எட்டு வாய்களும் வெளிக்கூட்டின் வாய்களுக்கு நேரே வருவதும் விலகுவதுமாகக் காற்றை நறுக்கி நறுக்கி வெளியே தள்ளுவதே நாம் கேட்கும் ஒலி. செக்கனுக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் 384 ஹேர்ட்ஸ் வர வேண்டும். தொலைபேசியிலுள்ள சுருதிமானியும் ஏறத்தாழ அதையே காட்டியது. பெரிய இரட்டைச் சுருதிச் சைரன்கள் சிலவற்றில் 10 வாய்களும் 12 வாய்களும் ஒரே அச்சில் சுழல்வதால், சட்சத்தோடு சாதாரண காந்தாரம் சேர்ந்து ஒலிப்பதுபோல் இருக்கும். இதில் அந்தச் சேர்க்கை இல்லை என்பது எனக்குச் சிறு ஏமாற்றமே.

ஆனால் அடித்தொண்டையில் முனகலாகத் தொடங்கி மெல்ல மெல்ல உச்சிக்கு ஏறும் அந்த ஏற்றத்துக்காகவே இதை வாங்கலாம். 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பின்னர் எங்கள் கரையோரங்களில் நிறுத்தப்பட்ட எச்சரிக்கைக் கோபுரங்கள் ஒலிபெருக்கிகளால் இயங்குபவை. அவற்றால் பேச்சையும் ஒலிபரப்ப முடியும் என்பதால் மக்களுக்கு அவையே மேலானவை. இரும்பும் காற்றும் உரசிப் பிறக்கும் ஒலியை மட்டும் அவற்றில் எதிர்பார்க்க முடியாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். கைபிடியை விட்டதும் அது நின்றுவிட, சுழலி மட்டும் தன் வேகத்தில் ஓடி ஓய வேண்டும். சயிக்கிள் பிறீவீலின் வேலைதான். வாங்கிய அன்று அது இறுகிக் கிடந்ததால், நான் கையை எடுத்த பின்னரும் கைபிடி சுழன்று வந்து பெருவிரலைப் பதம் பார்த்தது. சயிக்கிள் திருத்துபவர் ஒருவர் அதைக் கழற்றி, கல்லாய் இறுகியிருந்த கிறீஸை மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய எண்ணெய் விட்டுத் தந்தார். உப்புக் காற்றில் வெளிக்கூடு துருப்பிடிப்பது தனிக்கதை.

ஒரு கிலோமீற்றர் தூரம் கேட்கும் என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு மீற்றரில் 110 டெசிபெல் என்றே வைத்துக்கொண்டாலும், தூரம் இரட்டிக்கும்தோறும் 6 டெசிபெல் குறைவதால், ஒரு கிலோமீற்றரில் 50 அளவே மிஞ்சும். அது சாதாரணப் பேச்சொலியிலும் தாழ்ந்தது. இடையில் மதிலும் பனங்கூடலும் இருந்தால் அதுவும் இல்லை.

அயலவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் எங்கள் வளவில் சுற்றிப் பார்த்தேன். ஆயினும் பக்கத்து வீட்டு ஆச்சி வேலியடிக்கு வந்து, "தம்பி, உண்மையா அடிச்சாலும் இப்பிடித்தானே கேக்கும், நாங்கள் என்னெண்டு அறியிறது?" என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது காற்று உள்ளே போகும் முகப்பைப் பழைய சாரத்துணியால் அடைத்துவிட்டே சுற்றுகிறேன். ஒலி வளவுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கடற்கரைப் பக்கம் இதைக் கொண்டுபோவதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

வாங்க விரும்புவோர் கடையிலேயே இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிக் கையை விட்டுக் கவனிக்க வேண்டும். கைபிடி உடனே நின்று, சுழலி கரகரப்பில்லாமல் ஓடி ஓய்ந்தால் காசைக் கொடுக்கலாம். கரகரத்தால் பெயாரிங் மாற்றும் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.