சி பட்டனை மாற்றிய பிறகு: என் 8085 கிட், மூன்று வருடம்

போன வாரம் அக்கா மகன் போன் பண்ணினான். "மாமா, ஒருத்தர் பழைய 8085 கிட் விக்காரு, அசெம்ப்ளி படிக்க வாங்கட்டா?" 8085 என்பது ஒரு பழைய மைக்ரோபிராசசர் சிப், அதை வைத்துப் புரோகிராம் பழகும் போர்டுதான் கிட்; சிப்பின் கட்டளைகளிலேயே நேராக எழுதுவது அசெம்ப்ளி. அவன் கேட்ட நேரம்தான் சரியில்லை. அன்று காலையில்தான் என் கிட்டில் சி பட்டனை மாற்றி முடித்திருந்தேன், சால்டரிங் அயர்ன் சூடு ஆறியிருந்தது, என் சூடு ஆறவில்லை. "அப்புறம் பேசுதேன்" என்று வைத்துவிட்டேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குளச்சலில் படகுகளின் எக்கோ சவுண்டர் (கடலின் ஆழம் பார்க்கும் கருவி), வயர்லெஸ் செட் பழுது பார்க்கிற கடை எனக்கு. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலில் விசைப்படகுக்குத் தடை, கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த இரண்டு மாதத்தை நினைத்துத்தான் மூன்று வருடம் முன்பு செகண்ட் ஹேண்டில் 2,800 ரூபாய்க்கு இதை வாங்கினேன். டிப்ளமோ படிக்கும்போது பக்கத்து பெஞ்சு லேப் நோட்டைப் பார்த்து எழுதியே பாஸான ஆள் நான். இப்போதாவது புரிகிறதா பார்ப்போம் என்று ஓர் ஆசை.

கிட் எப்படி இருக்கும் என்று படித்தவர்களுக்குத் தெரியும். ஆறு இலக்க டிஸ்ப்ளே, 0 முதல் 9, ஏ முதல் எஃப் வரை பட்டன் உள்ள ஹெக்ஸ் கீபோர்டு, அவ்வளவுதான். கட்டளையை நாமே தாளில் எழுதி, அதற்கான ஹெக்ஸ் எண்ணை அட்டவணையில் பார்த்து, ஒவ்வொரு பைட்டாக, அதாவது இரண்டிரண்டு இலக்கமாக, தட்ட வேண்டும்.

இனி சி பட்டன். உப்புக்காற்று எங்கள் ஊரில் எதையும் விடாது, கதவுக் கொண்டியையே தின்றுவிடும், பட்டனை விடுமா? ஒரு தடவை அமுக்கினால் சில நேரம் இரண்டு சி விழும். முதல் ஆறு மாதம் எனக்கு இது தெரியவே தெரியாது. ஏனென்றால் டிஸ்ப்ளேயில் கடைசியாகத் தட்டிய இரண்டு இலக்கம்தான் நிற்கும். சி3, சி2, சிடி, சி9 என்று தாவுகிற, கூப்பிடுகிற, திரும்புகிற கட்டளைகளில் சி முன்னால் வரும். இரண்டு சி விழுந்தாலும் முதல் சி தானாக வெளியே போய்விடும், ஒரு பிரச்சினையும் இல்லை. சி பின்னால் வருகிற இடத்தில்தான் வினை.

லேபில் எல்லோரும் போடும் முதல் புரோகிராமே அது. இரண்டு எண்ணைக் கூட்டு, கேரி (இரண்டு இலக்கத்தில் அடங்காமல் மிஞ்சும் ஒன்று) வந்தால் சிப்புக்குள் எண் வைக்கிற சி ரெஜிஸ்டரை ஒன்று ஏற்று, விடையை நினைவகத்தில் 4150-ல் வை, கேரியை 4151-ல் வை. 05, 03 போட்டேன், 08 வந்தது. அடுத்து எஃப்எஃப் (இரண்டு இலக்கத்தின் உச்சம், 255), 02 போட்டேன், 01-உம் கேரியும் வர வேண்டும், அப்போதும் 08! கேரி 00. சிப்பே போச்சு என்று நினைத்து இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒவ்வொரு பைட்டாகத் திரும்பப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சி-யை ஒன்று ஏற்றும் ஐஎன்ஆர் சி-க்கு 0சி என்று தட்டியது சிசி என்று உட்கார்ந்திருந்தது. சிசி என்றால் சிஇசட், 'ஜீரோ என்றால் கூப்பிடு'. பின்னால் இருந்தது 'விடையை 4150-ல் சேமி' என்கிற 32, 50, 41. அதில் 32, 50 இரண்டையும் கூப்பிட வேண்டிய முகவரி என்று சிசி விழுங்கிவிட்டது. மிச்சம் கிடந்த 41 'எம்ஓவி பி, சி' (சி-யை பி-க்கு நகலெடு) ஆகிவிட்டது. விடையைச் சேமிக்கும் கட்டளையே காணாமல் போனதால் பழைய 08 அப்படியே கிடந்தது. கேரி வராத கணக்கில் புரோகிராம் அந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடும், அதனால் சரியான விடை. எஃப்எஃப்-உம் 01-உம் போட்டிருந்தால் விடை ஜீரோவாகி நிஜமாகவே 5032-க்குப் போய் அங்கே கிடக்கும் குப்பையை ஓட்டியிருக்கும்.

தட்டும்போது டிஸ்ப்ளேயைப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். கண் தாளில், விரல் பட்டனில். ஆனாலும் 0சி, 1சி, 2சி, 3சி என்று ஏற்றுகிற கட்டளைகளில் பாதி இந்த ஒரு பட்டனில்தான் முடிகிறது. எந்தப் புரோகிராமில் இது வராமல் இருக்கும்?

அதற்கப்புறம் அந்தப் பட்டனுக்குப் பயந்து ஏற்றுவதையே விட்டுவிட்டேன். பத்து தடவை சுற்ற வேண்டுமா, பத்தில் ஆரம்பித்து, ஒன்று குறைக்கும் 0டி போட்டு இறக்கு, ஜீரோ ஆனதும் நில். பிறகு தாளில் கணக்குப் பார்த்தால், முன்பு ஏற்றிவிட்டு 'பத்து ஆச்சா' என்று ஒப்பிட நான் போட்ட இரண்டு கட்டளை தேவையே இல்லை. மூன்று பைட் மிச்சம், ஒவ்வொரு சுற்றுக்கும் 11 டி-ஸ்டேட் (சிப்பின் கடிகாரத் துடிப்பு) மிச்சம். இறக்கும்போது, விடை ஜீரோ என்று காட்டும் ஜீரோ கொடியை சிப்பே தூக்கிவிடுகிறதே! வாத்தியார் சொல்லியிருப்பார், நான்தான் கேட்கவில்லை.

இறங்குமுகத்திலும் ஒரு குழி உண்டு. இரண்டு ரெஜிஸ்டர் சேர்ந்த 16 பிட் ஜோடியை இறக்கும் டிசிஎக்ஸ் எந்தக் கொடியையும் தொடாது, 'ஜீரோ இல்லையென்றால் தாவு' என்கிற ஜேஎன்இசட்-ஐ நம்பினால் அது தன் பாட்டுக்குப் போகும். டி, ஈ ஜோடி என்றால், ஈ-யை ஏ-க்கு எடுத்து டி-யோடு ஓஆர்ஏ போட்டுத்தான் (இரண்டும் ஜீரோவானால்தான் விடை ஜீரோ) ஜீரோவா என்று கேட்க வேண்டும். அந்த நான்கு கட்டளைச் சுற்றுக்கு 24 டி-ஸ்டேட். என் கிட்டில் 6.144 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், உள்ளே ஓடுவது அதில் பாதி, 3.072. எஃப்எஃப்எஃப்எஃப்-இலிருந்து (65,535) இறக்கினால் 0.512 நொடி வர வேண்டும். நூறு தடவை ஓடவிட்டு போனில் ஸ்டாப்வாட்ச் பிடித்தேன்: 51 நொடியும் கொஞ்சமும். தாளில் போட்ட கணக்கு கடிகாரத்தில் அப்படியே வந்து நின்றபோது கடையில் யாரும் இல்லையே என்று வருத்தமாக இருந்தது. வீட்டுக்காரியிடம் சொன்னேன், "சரி, சோறு வேணுமா?" என்றாள்.

கரண்ட் போனால் தட்டியதெல்லாம் போகும், அது தெரிந்த கதை. பழைய போட் பேட்டரியும் ஐந்து வோல்ட் தரும் ஒரு 7805-உம் வைத்துச் சமாளித்துவிட்டேன்.

பட்டனை மூன்று வருடம் ஏன் மாற்றவில்லை என்று கேட்பீர்கள். விற்றவரிடம் கேட்டால் கீபோர்டு முழுதாகத்தான் வரும் என்று ஒரு விலை சொன்னார், கிட்டுக்கே அவ்வளவு கொடுக்கவில்லை. போன மாதம் நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் ஒரு கடையில் வேறு எதற்கோ போனபோது அதே அளவு பட்டன் கிடந்தது. ஐந்து ரூபாய். ஊரான் செட்டையெல்லாம் பிரித்துப் போடுகிற எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள், அந்தக் கோபம்தான் பெரிது.

மருமகனே, வாங்காதே. போனிலேயே சிமுலேட்டர் இருக்கிறது, அதில் படி. இல்லை, வாங்கித்தான் தீருவேன் என்றால், காசு கொடுக்கும் முன் 3-ஐயும் சி-யையும் இருபது தடவை மாற்றி மாற்றித் தட்டிப் பார், ஒரு தடவை சிசி வந்தாலும் எழுந்து வந்துவிடு. என்னுடையதைக் கேட்காதே. புது பட்டன் போட்ட பிறகும் விரல் 0டி-க்குத்தான் போகிறது, இந்த ஜூனில் அதில் ஒரு கடிகாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.