12.75 இஞ்ச் அவுட்ஃபீல்டு கிளவுஸ்: ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு ஏற்றதா?

மீரட்டில் தைத்த தோல் கிளவுஸ். அளவு 12.75 இஞ்ச், பேஸ்பாலில் அவுட்ஃபீல்டில், அதாவது மைதானத்தின் தூரப் பகுதியில், நிற்பவர்களுக்கென்றே செய்வது. நாகர்கோவிலில் விளையாட்டுச் சாமான் விற்கும் அண்ணாச்சி ஒருவர் வரவழைத்துக் கொடுத்தார். விலை இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. பள்ளிக்கூடங்களில் பொதுவாக 11.5 இஞ்சில் அரை டஜன் வாங்கி, எங்கே நிற்கிற பிள்ளைக்கும் அதையே மாட்டிவிடுவார்கள். பந்தைத் தடுக்கத்தானே, எதுவானால் என்ன என்று நினைப்பு.

ஆரல்வாய்மொழிப் பக்கம் விளையாடிப் பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும். ஆனி ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கிற அடியில், மேலே போன பந்து நாம் நினைத்த இடத்தில் இறங்காது. கடைசி நொடியில் தள்ளிக்கொண்டு போகும். ஓடிப்போய்க் கையை நீட்டினால் கிளவுஸ் நுனியில்தான் படும். எங்கள் சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரிதான், பந்து பெரிசு) டீமில் உள்பக்கம் செகண்ட் பேஸில் நின்ற பிள்ளையை, நல்ல ஓட்டம் இருக்கிறதே என்று அவுட்ஃபீல்டின் நடுவான சென்டர் ஃபீல்டுக்கு மாற்றியிருந்தேன். "சார், பந்து வெளிய சாடுது" என்று சின்ன கிளவுஸை நீட்டிக் காட்டினாள். அவளுக்காகத்தான் இதை வாங்கியது.

செகண்ட் பேஸிலிருந்து சென்டர் ஃபீல்டு என்றாலே எனக்கு அமெரிக்க பேஸ்பால் வீரர் லாரி டோபி ஞாபகம் வந்துவிடும். 1923-ல் தென் கரோலினாவின் கேம்டனில் பிறந்தவர். கறுப்பின ஆட்டக்காரர்களைத் தனி லீக்குகளில் ஒதுக்கி வைத்திருந்த காலத்தில் நியூவார்க் ஈகிள்ஸ் அணிக்கு செகண்ட் பேஸில் ஆடினார். 1947 ஜூலை 5-ல் கிளீவ்லாண்ட் இந்தியன்ஸுக்காக இறங்கியபோது, அங்குள்ள இரண்டு பெரிய லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் முதல் கறுப்பின வீரர் ஆனார். இன்னொன்றான நேஷனல் லீக்கில், அந்தக் காலத்துத் தடையை முதலில் உடைத்த ஜாக்கி ராபின்சன் இறங்கி அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. ராபின்சனை எல்லாருக்கும் தெரியும். டோபி என்றால் முழிப்பார்கள். இரண்டாவதாக வந்தவனுக்கு அவமானம் ஒன்றும் குறைச்சலாகக் கிடைக்கவில்லை, பெயர்தான் குறைச்சலாகக் கிடைத்தது.

அந்த முதல் வருஷம் பெரும்பாலும் பெஞ்சில்தான். செகண்ட் பேஸில் ஜோ கார்டன் அசையாமல் நின்றார். 1948-ல் டோபியை அவுட்ஃபீல்டுக்கு அனுப்பினார்கள். பழைய சென்டர் ஃபீல்டு ஜாம்பவான் டிரிஸ் ஸ்பீக்கர் கூடவே நின்று சொல்லிக்கொடுத்தார். அதே வருஷம் பேட்டிங் சராசரி .301, அதாவது பத்துக்கு மூன்று தடவை அடி பலித்த கணக்கு. இரண்டு லீக்கின் சாம்பியன்களும் மோதும் வேர்ல்டு சீரிஸ் நான்காவது ஆட்டத்தில் ஜானி செயின் போட்ட பந்தை வேலிக்கு வெளியே ஹோம் ரன் அடித்தார், ஆட்டம் 2-1 என்று கிளீவ்லாண்டுக்கு. ஜெயித்த பிறகு அவரும் வெள்ளைக்காரப் பிட்சர் ஸ்டீவ் க்ரோமெக்கும் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரிக்கிற படம் அன்றைய அமெரிக்காவில் சாதாரண விஷயமில்லை. 1952-லும் 1954-லும் லீக்கிலேயே அதிக ஹோம் ரன் இவருடையது, இரண்டு வருஷமும் 32. அமெரிக்கன் லீக்கில் மொத்தம் 253. பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்க மட்டும் 1998 வரை காக்க வைத்தார்கள்.

சரி, கிளவுஸுக்கு வருவோம். புதுசில் கமுகம்பாளை மாதிரி விறைப்பு. மடங்கவே மாட்டேன் என்றது. பந்து உட்காரும் உள்ளங்கைக் குழியில் பந்தை வைத்து, பழைய சைக்கிள் டியூபை வாராக வெட்டி இறுகக் கட்டி ராத்திரி வைத்துவிட வேண்டும். பகலில் பந்தை எறிந்து எறிந்து பிடிக்க வேண்டும். பைய வழிக்கு வந்தது. இப்போது பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள வலையில் சாஃப்ட்பால் அழகாக உட்காருகிறது. கைநீட்டிப் பிடிக்கிற பந்தும் தெறிப்பதில்லை. தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்பவர்களுக்கு: நம்ம ஊரில் அது எல்லாவற்றுக்கும் மருந்துதான், இதற்கு வேண்டாம். தோல் எண்ணெயைக் குடித்துக் கனத்துப்போகும்.

குறை இல்லாமல் இல்லை. வார் முடிச்சுகள் சீக்கிரம் தளர்கின்றன. விளையாடப் போகுமுன் ஒருமுறை இழுத்துக் கட்டிவிடுங்கள். மணிக்கட்டுப் பட்டை பெரிய ஆண்கையை நினைத்துத் தைத்தது. எங்கள் பிள்ளைக்குக் கடைசி ஓட்டையில் போட்டும் தொளதொள என்றிருந்ததால், தக்கலையில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து இன்னும் இரண்டு ஓட்டை போட்டு வாங்கினேன். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. நனைந்த கிளவுஸை ஸ்டோர் ரூம் பெட்டிக்குள் போட்டால் பூசணம் பிடிக்கும். காற்றாட நிழலில் தொங்கவிடுங்கள், வெயிலில் காய வைத்தால் வெடிக்கும்.

இன்ஃபீல்டில், அதாவது பேஸ்களுக்குப் பக்கத்தில், நிற்பவர்களுக்கு இதை வாங்காதீர்கள். குழி ஆழம், சட்டென்று பந்தை எடுத்து எறிய வராது. அப்புறம் ஒன்று: கடையில் இருப்பு எல்லாம் இடது கையில் மாட்டுவது. டோபி பேட் பிடித்தது இடக்கையாக இருந்தாலும் எறிந்தது வலது கையால், அவருக்கு இது சரியாக இருந்திருக்கும். இடது கையால் எறியும் பிள்ளை என்றால் முன்கூட்டியே சொல்லித்தான் வரவழைக்க வேண்டும்.